தோட்டத்து அடுக்களை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம்மவர் குடியிருந்த லயம் நிருவாகத்தின் உடைமை. பழைய லயங்கள் பலவற்றில் அடுக்களைக்கெனத் தனியறை இருந்ததில்லை. அஞ்சடியிலோ பின்புறச் சாய்ப்பிலோ விறகடுப்பு மூட்டினர். ஒரு வீட்டுப் புகை மறுவீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. 1966இல் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் தக்க வீடு தரும் கடமையை முதலாளிமீது சுமத்தியது. ஆயினும் அடுக்களையை நீட்ட விரும்பியவர் துரையின் இசைவைப் பெறவேண்டும். பலகைக்கும் தகரத்துக்கும் தச்சர் கூலிக்கும் தம் கைப்பொருளையே செலவிடவேண்டும். முன்பணம் பெற்ற தச்சர் சொன்ன நாளில் வராவிடில் மழையில் நனைந்தது அடுப்பு! இத்தனைக்கும், வேலை நின்றால் வீடும் போயிற்று. 1990களில் நீலாய், சிரம்பான் சுற்றுப்புறத் தோட்டங்கள் நகர்களாக மாறியபோது, கழற்றி எடுக்க முடிந்தது தகரம். சிமெண்டு மேடை மண்ணோடு தங்கிற்று.