வாவியைக் கடக்கும் இணைப்பு: மட்டக்களப்பில் தொலைத்தொடர்புக் கட்டமைப்பு பகுதிகளாகப் பிரிந்த வரலாறு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீள்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரையில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. மேற்கே படுவான்கரையில் வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பிரிவுகளின் கிராமங்கள் வயல்களுக்கும் குளங்களுக்கும் நடுவே சிதறியிருக்கின்றன. இவ்விரு கரைகளையும் வலையிறவு, மண்முனை, பட்டிருப்பு ஆகிய கடவைகளே முதன்மையாக இணைக்கின்றன. மண்முனையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதுவரை ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகே மக்களை ஏற்றியிறக்கியது. படுவான்கரையின் இணையச் சிக்கலும் இந்த நிலவமைப்பிலிருந்தே தொடங்குகிறது. மக்கள் செறிந்த கரையில் முதலீட்டுக்கு வருவாய் உண்டு. நீரைக் கடந்து சிதறிய வீடுகளுக்குச் செல்லும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செலவு கூடி, வாடிக்கையாளர் தொகை குறைகிறது.

தொடக்கத்தில் தொலைபேசி முழுவதும் அரசின் கையில் ஒரே கட்டாக இருந்தது. நிலையம், கம்பி, கருவி, கட்டணம் யாவும் ஒரே திணைக்களத்துக்கு உரியவை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் ஒழுங்குபடுத்தும் பணியைச் சேவை வழங்கும் பணியிலிருந்து பிரித்தது. 1996இல் சன்டெல், லங்கா பெல் நிறுவனங்கள் கம்பியில்லா நிலையான தொலைபேசிக்கு உரிமம் பெற்றன. 1997இல் ஸ்ரீ லங்கா ரெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. வாங்கியது. இச்சீர்திருத்தங்கள் உரிமையாளர்களைப் பெருக்கினவே தவிர, வலையமைப்பின் உறுப்புகளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கோபுரம், தனக்கென இணைப்பு வழி, ஒரே விற்பனையாளரின் பொறித்தொகுதி என முழுவதையும் தானே கட்டியது. கொழும்பில் அது போட்டியை வளர்த்தது. வருவாய் குறைந்த கிராமத்தில் அதே முறை, ஒருவருமே வராதிருக்கக் காரணமாயிற்று.

போர் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. 2007 நடுப்பகுதிவரை படுவான்கரையின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. 2002 போர்நிறுத்தத்தின் பின்னரே கையடக்கத் தொலைபேசிச் சேவை வடக்கு, கிழக்கு நகரங்களுக்குப் பரவலாயிற்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியபோது, கடற்கரை ஒன்றையே நம்பிய கட்டமைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பது வெளிப்பட்டது. அக்காலத்தில் உருவான ‘இ-ஸ்ரீலங்கா’ திட்டத்தின் ஒரு கூறு இங்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. தெற்குக்கும் வடகிழக்குக்கும் பிராந்தியத் தொலைத்தொடர்பு வலையமைப்பு அமைத்தல், குறைந்த மானியம் கேட்பவருக்கே ஏலத்தில் அதை அளித்தல், அமைப்பவர் மற்ற நிறுவனங்களுக்கும் அதைத் திறந்துவிடல் என்பன அதன் சாரம். அது நிறைவேறவில்லை. கிராமங்களுக்குக் கிடைத்தவை ‘நெனசல’ எனப்படும் பொதுக் கணினி நிலையங்களே. கணினி வந்தது, அதை உலகோடு இணைக்கும் பெருவழி வரவில்லை. கிழக்கு மாகாணத்தின் இணைய வரலாற்றில் இதுவே மிகப் பெரிய இழப்பு எனலாம்.

உறுப்புகளைப் பிரிக்கும் போக்கு முதலில் கோபுரங்களில் தோன்றியது. மலேசியாவின் ஆசியாட்டா குழுமம் தொடங்கிய எடொட்கோ போன்ற கோபுர நிறுவனங்கள் இலங்கையில் இயங்கத் தொடங்கியதும், ஒரே இரும்புச் சட்டத்தில் பல நிறுவனங்களின் அலைவாங்கிகள் ஏறின. அடுத்த கட்டம் பெட்டிக்குள்ளேயே நிகழ்ந்தது. ஒரு ரவுட்டரில் வன்பொருளும் அதை இயக்கும் மென்பொருளும் ஒரே நிறுவனத்திடமிருந்து பிணைந்தே வருவது நெடுநாள் வழக்கம். 2011இல் தொடங்கிய ஓப்பன் கம்பியூட் திட்டம் வன்பொருள் வடிவமைப்புகளைப் பொதுவில் வைத்தது. 2016இல் மைக்ரோசொப்ட் ‘சொனிக்’ என்னும் திறந்த மென்பொருளை வெளியிட்டது; அதே ஆண்டில் பேஸ்புக்கும் பல தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து டெலிகொம் இன்ஃப்ரா புரொஜெக்டைத் தொடங்கின. கோபுரத்தடியில் வைக்கும் ரவுட்டருக்கான பொதுவிவரக்குறிப்பு அக்கூட்டமைப்பில் உருவானது. பெட்டியை ஒருவரிடமும் மென்பொருளை இன்னொருவரிடமும் வாங்க அது வழி செய்தது. பெருவில் 2019இல் டெலிஃபோனிக்கா, பேஸ்புக் முதலியவை அமைத்த ‘இன்டர்நெட் பாரா தோதோஸ்’ தொலைகிராமங்களில் வலையமைப்பைத் தான் அமைத்து, அதைப் பிற நிறுவனங்களுக்கும் மொத்தமாக வழங்கும் முறையைக் கையாண்டது.

தமிழ்நாட்டில் இதற்கு முந்திய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை நிலையங்களோடு இணைக்க, பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களின் நடுவில் சாதாரண வைஃபை அட்டைகளையும் லினக்ஸ் மென்பொருளையும் பயன்படுத்தினர். வீட்டுக்கான வைஃபை, மறுமொழிக்கு மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் அது தடுமாறும். மென்பொருள் திறந்திருந்ததால் நேரப் பங்கீட்டு முறையை அவர்களே மாற்றி எழுதினர். நோயாளி கிராமத்திலிருந்தபடியே மருத்துவரோடு காணொளியில் பேச முடிந்தது.

அந்த அனுபவம் மட்டக்களப்பு வாவிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. நுண்ணலை இணைப்புக்கு அமைதியான நீர்ப்பரப்பு பெரிய இடையூறு. நேர் அலையும் நீரில் பட்டுத் திரும்பும் அலையும் எதிரெதிர் நிலையில் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். வடகீழ்ப் பருவமழையில் வாவி நிரம்பி, முகத்துவாரத்தின் மணல்திடல் வெட்டப்பட்டதும் நீர்மட்டம் இறங்கும். கூடவே தெறிப்பின் கணக்கும் மாறும். அதனால் ஓராண்டில் ஒருமுறை சீர்செய்த இணைப்பு எப்போதும் அப்படியே நிற்பதில்லை. வெவ்வேறு உயரங்களில் இரு அலைவாங்கிகள் வைப்பது பழைய தீர்வு. இணைப்பின் தரத்தை அளந்து, தேவைப்படும்போது மற்றொரு கடவை வழியே போக்குவரத்தைத் திருப்பும் மென்பொருளை வலையமைப்பை நடத்துவோரே மாற்றியமைக்கக்கூடிய நிலை அதைவிடப் பயனுள்ளது. வலையிறவிலும் பட்டிருப்பிலும் ஒளியிழை, நடுவே வாவியைக் கடக்கும் நுண்ணலை என்ற அமைப்பில், ஒன்று முறிந்தாலும் படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை துண்டிக்கப்படாது.

எல்லாவற்றையும் ஒரே தாவலில் கடக்கும் முயற்சியும் நடந்தது. 2015 யூலையில், வானிலிருந்து இணையம் வழங்கும் கூகுளின் ‘லூன்’ பலூன் திட்டத்துக்கு இலங்கை உடன்பட்டது. 2016 பெப்ரவரியில் முதல் பலூன் வந்தது. அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் சேவை தொடங்காமலே நின்றது. 2021இல் லூன் நிறுவனமே மூடப்பட்டது.

திறந்த முறைக்கும் விலை உண்டு. பல கைகளிலிருந்து வரும் உறுப்புகள் இசையாதபோது யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி எழும். முழுத் தொகுதி விற்பவரிடம் அக்கேள்வி இல்லை. 2022 அந்நியச் செலாவணி நெருக்கடி கற்பித்ததும் கவனத்துக்குரியது. திறந்த வன்பொருளும் டொலர் கொடுத்தே இறக்கப்படுகிறது. உள்ளூரில் பேணக்கூடியது மென்பொருள்தான். எனவே பராமரிப்புத் திறன் எங்கே உருவாகிறது என்பது பெட்டியின் விலையைவிட முக்கியமானது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு நாட்டில் நெடுங்காலமாக இயங்குகிறது. வாவி கடந்த இணைப்பைச் சோதிக்கவும், அதைப் பேணும் இளைஞரைப் பயிற்றவும் இவ்விரண்டும் போதிய அடித்தளம். கோபுரத்துக்குப் பின்னாலுள்ள ஒளியிழை வழியைப் பிற நிறுவனங்களுக்கு நியாயமான விலையில் திறக்கும் கடப்பாட்டை மட்டும் பல்கலைக்கழகத்தால் உருவாக்க முடியாது. அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பணி.