மனித உரிமை ஆர்வலர் கைதானால் வெளிநாட்டுத் தூதரகம் காப்பாற்றுமா? ஸ்டேன் சுவாமி வழக்கு காட்டுவது என்ன?

மனித உரிமைக்காகப் பேசும் ஒருவர் கைதானால், அடுத்த சில மணி நேரத்திலேயே ஐ.நா. தலையிட வேண்டும், தூதரகங்கள் பேச வேண்டும் என்ற கோரிக்கை கிளம்பிவிடும். மனுக்கள் பறக்கும், சமூக வலைத்தளத்தில் தூதர்களை டேக் செய்வார்கள். இதனால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா? நம் ஊர் வழக்கில் வெளிநாட்டு அரசுக்கு என்ன அதிகாரம்? தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரின் வழக்கை வைத்தே பார்க்கலாம்.

யார் இந்த ஸ்டேன் சுவாமி?

1937-ல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். இயேசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்டில் பல ஆண்டுகள் தங்கி, பழங்குடியினரின் நில உரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த இளைஞர்களுக்காகவும் வேலை செய்தவர்.

2020 அக்டோபர் 8-ம் தேதி, பீமா கோரேகான் வழக்கில் ராஞ்சியில் வைத்து என்.ஐ.ஏ. இவரைக் கைது செய்தது. அப்போது வயது 83. மாவோயிஸ்ட் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். போடப்பட்டது 'உபா' சட்டம். குற்றச்சாட்டு முதல் பார்வையில் உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது என்கிறது அதன் 43டி(5) பிரிவு.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கி, டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாத நிலை. ஸ்ட்ராவும் சிப்பரும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. மே மாத இறுதியில் மும்பை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தனியார் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அங்கே கொரோனா உறுதியானது. ஜூலை 5-ல் உயிரிழந்தார். விசாரணை தொடங்கவே இல்லை.

வெளிநாடுகள் பேசவில்லையா?

பேசின. கைதான 12-ம் நாளே ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிச்செல் பேச்லெட் அவர் பெயரைச் சொல்லிக் கவலை தெரிவித்தார். ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் மேரி லாலரும், ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித உரிமைச் சிறப்புப் பிரதிநிதி ஈமன் கில்மோரும் குரல் கொடுத்தார்கள்.

இந்தியாவின் பதில் ஒன்றுதான்: இங்கே சட்டத்தின் ஆட்சி இருக்கிறது, நீதித்துறை சுதந்திரமாக இருக்கிறது, எல்லாம் சட்டப்படியே நடந்தது.

அவர் இறந்த பிறகு, தன்னிச்சையான காவல் தொடர்பான ஐ.நா. செயற்குழு, அந்தச் சிறைவைப்பே தன்னிச்சையானது என்று கருத்து சொன்னது. ஆனால் அதைக் கேட்க அவர் இல்லை.

ஏன் அதற்கு மேல் போக முடியவில்லை?

கைதானவர் தன் நாட்டுக் குடிமகனாக இருந்தால்தான் தூதரகத்துக்கு நேரடி உரிமை. 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-வது பிரிவு, கைதான சொந்தக் குடிமக்களைச் சிறையில் சந்திக்கவும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் அனுமதி தருகிறது. இந்தியரை இந்தியா கைது செய்தால் இந்தப் பிரிவு வராது.

அதோடு, 1961 வியன்னா உடன்படிக்கையின் 41-வது பிரிவு, தூதர்கள் தாங்கள் இருக்கும் நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. அதாவது, விடுதலை செய் என்று உத்தரவு போடும் அதிகாரம் எந்தத் தூதருக்கும் இல்லை.

அப்போ தூதரகத்தால் என்னதான் முடியும்?

கேட்க முடியும், கவனிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே இதற்கென வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது. அதன்படி தூதரக அதிகாரிகள் நீதிமன்ற விசாரணையைப் பார்வையாளராக உட்கார்ந்து கவனிக்கலாம், காவலில் இருப்பவரைச் சந்திக்க அனுமதி கேட்கலாம், அரசுடன் பேசும்போது பெயர் சொல்லி விசாரிக்கலாம். இதில் பெரும்பகுதி வெளியே தெரியாமல் நடப்பது. இப்படிப்பட்ட விசாரிப்புகளிலிருந்து அதிகம் எதிர்பார்க்கக்கூடியது மருத்துவம், வழக்கறிஞர் சந்திப்பு, சீக்கிர விசாரணை போன்றவைதான்.

அழுத்தம் பலித்த இடம் உண்டா?

பக்கத்திலேயே ஓர் உதாரணம், இலங்கை. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதிய ஆசிரியர் அஹ்னாப் ஜசீம், 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்றது போலீஸ்.

இலங்கை ஆடைகளுக்கு ஐரோப்பாவில் 'ஜி.எஸ்.பி. பிளஸ்' என்ற வரிச்சலுகை உண்டு. மனித உரிமை ஒப்பந்தங்களை மதித்தால்தான் அது நீடிக்கும். 2021 ஜூன் 10-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம், அஹ்னாப், வழக்கறிஞர் ஹிஜாஸ் ஹிஸ்புல்லா ஆகியோரின் கைதைக் குறிப்பிட்டு, இந்தச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றிப் பரிசீலிக்கத் தீர்மானம் போட்டது. அந்த டிசம்பரில் அஹ்னாபுக்கும், 2022 பிப்ரவரியில் ஹிஸ்புல்லாவுக்கும் ஜாமீன் கிடைத்தது. அடுத்த மாதம் சட்டமும் திருத்தப்பட்டது. 2023 டிசம்பரில் அஹ்னாப் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

வெளி அழுத்தம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் விடாமல் போராடினார்கள். ஆனால் அறிக்கைக்குப் பின்னால் ஒரு வர்த்தகப் பிடி இருந்தது. இந்தியா போன்ற பெரிய சந்தையிடம் அப்படியொரு பிடி யாருக்கும் எளிதில் கிடைக்காது.

வெளிநாட்டுப் புகழ் போதாதா?

கொடைக்கானல் மக்களுக்கு இரோம் சர்மிளாவைத் தெரியும். 2017-ல் அங்கேதான் பதிவுத் திருமணம் செய்தார். ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கக் கோரி, மணிப்பூரில் 2000 முதல் 2016 வரை உண்ணாவிரதம் இருந்தவர். தற்கொலை முயற்சி வழக்குப் போட்டு, காவலில் வைத்து மூக்குக் குழாய் வழியாக உணவு ஏற்றினார்கள். 2007-லேயே தென்கொரியாவின் குவாங்ஜு மனித உரிமைப் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் 9 வருடம் அதே நிலைதான்.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

* முதல் வேலை வழக்கறிஞர். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு.
* எஃப்.ஐ.ஆர். நகல், கைதுக் குறிப்பு, மருத்துவச் சீட்டுகள், மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். எங்கே முறையிட்டாலும் முதலில் கேட்பது இதைத்தான்.
* தேசிய மனித உரிமை ஆணையத்தில் ஆர்வலர்களுக்கெனத் தனித் தொடர்பு அதிகாரி உண்டு. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் போக வேண்டும்.
* ஐ.நா. செயற்குழுவுக்குக் குடும்பத்தினரே எழுதலாம். உள்ளூர் நீதிமன்றம் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. வழக்கமான முறையில் அரசுக்குப் பதில் சொல்ல 60 நாள் அவகாசம் தருவார்கள். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அவசர முறையீடு என்று குறிப்பிடுங்கள்.
* தூதரகத்துக்கு எழுதும்போது விடுதலை செய்யச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்தத் தேதி விசாரணைக்கு ஆள் அனுப்புங்கள், இந்த மருந்து கிடைக்கிறதா என்று விசாரியுங்கள் என்று கேளுங்கள். அவர்களால் செய்ய முடிந்தது அதுதான்.
* எதைச் செய்வதற்கு முன்பும் சிறையில் இருப்பவரின் சம்மதம் வாங்குங்கள். வெளிநாட்டுத் தொடர்பு என்பதையே வழக்கில் அவருக்கு எதிராகத் திருப்பும் ஆபத்து உண்டு. அந்த முடிவை வழக்கறிஞரோடு பேசி அவர்தான் எடுக்க வேண்டும்.