மின்கல வெப்ப உட்கையுறை

மின்கல வெப்ப உட்கையுறை என்பது கடுங்குளிரில் கைவிரல்களைச் சூடாக வைத்திருப்பதற்காக, வெளிக் கையுறைக்கு உள்ளே அணியப்படும் மெல்லிய கையுறை ஆகும். இதன் துணிக்குள் வெப்பக் கம்பிகள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். மணிக்கட்டில் உள்ள சிறு பையில் வைக்கப்படும் மின்கலம் அவற்றுக்கு மின்னோட்டத்தை வழங்குகிறது. பனிச்சறுக்கில் ஈடுபடுவோர், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர், குளிர்நாடுகளில் திறந்தவெளியில் பணிபுரிவோர் ஆகியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

தேவை

சாதாரணக் கையுறை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. கையில் உள்ள வெப்பம் விரைவில் வெளியேறாமல் தடுக்க மட்டுமே செய்கிறது. குளிரில் உடல் தன் நடுப்பகுதியின் வெப்பத்தைக் காக்க, கைகளுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரல்கள் மெலிந்தவை; தசை மிகக் குறைவு; பருமனை நோக்க மேற்பரப்பு அதிகம். ஆகவே இரத்த ஓட்டம் குறைந்தபின், எவ்வளவு தடித்த கையுறையானாலும் அதற்குள் காப்பதற்கு வெப்பம் மிஞ்சுவதில்லை. விரல்தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 15 °செ-க்குக் கீழே இறங்கும்போது விரல்களின் செயல்திறன் வெகுவாகக் குறைகிறது. திசுக்களே உறைந்துவிட்டால் அது பனிக்கடி எனப்படும். விரலை இழக்கவும் நேரிடலாம்.

பிரான்சு நாட்டு மருத்துவர் மொரீசு ரேனோ 1862-இல் விவரித்த ரேனோ நோய் உள்ளவர்களுக்கு இத்துன்பம் மிதமான குளிரிலேயே வரும். குளிர்பதனப் பெட்டியில் கை வைத்தாலும் சிலருக்கு விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. இவர்களும் இவ்வகைக் கையுறைகளை நாடுகின்றனர்.

வரலாறு

மின்சாரத்தால் கையைச் சூடாக்கும் முறை இரண்டாம் உலகப் போரில் பெருமளவில் பயன்பட்டது. அமெரிக்காவின் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் காற்றழுத்தம் பேணப்பட்ட அறைகள் இல்லை. சுமார் 25,000 அடி உயரத்தில், −40 °செ அளவிலான குளிரில், பக்கவாட்டுத் துப்பாக்கி வீரர்கள் திறந்த சாளரங்களின் அருகே நின்றனர். பழுதான துப்பாக்கியைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்றியவர்களின் விரல்கள் பனிக்கடிக்கு உள்ளாயின. இவர்களுக்கு மின்வெப்ப உடை, கையுறை, காலணி ஆகியன வழங்கப்பட்டன. தொடக்ககால உடைகளில் கம்பிகள் தொடரிணைப்பில் இருந்தமையால் ஓரிடத்தில் அறுந்தாலும் உடை முழுவதும் குளிர்ந்துவிடும். பின்னர் வந்தவற்றில் இக்குறை களையப்பட்டது.

அக்கையுறைகள் விமானத்தின் மின்சுற்றோடு கம்பியால் பிணைக்கப்பட்டவை. இன்றும் மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் மின்கலத்தோடு இணைக்கப்படும் வகைகள் உண்டு. கம்பியின்றி நடமாட, எடை குறைந்த மின்கலம் தேவைப்பட்டது. 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த இலித்தியம்-அயனி மின்கலம் அதற்கு வழிசெய்தது.

அமைப்பு

வெப்பக் கம்பி பொதுவாகக் கார்பன் இழையாலோ நிக்கல்-குரோமியம் கலப்புலோகத்தாலோ ஆனது. அது புறங்கை வழியாகச் சென்று விரல்நுனிகளைச் சுற்றி வரும். உள்ளங்கையில் பெரும்பாலும் கம்பி இருப்பதில்லை. பொருள்களைப் பற்றும்போது அது உறுத்துவதோடு விரைவில் அறுந்தும் போகும். விரல் மடியும் இடங்களில் கம்பி அறுவது இக்கையுறைகளில் அடிக்கடி காணப்படும் பழுதாகும்.

எடுத்துக்காட்டாக 7.4 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தில் ஏறத்தாழ 16 வாட்-மணி ஆற்றல் உள்ளது. கையுறை 7 வாட் எடுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், 3 வாட் எடுத்துக்கொண்டால் ஐந்து மணி நேரமும் இயங்கும். விளம்பரங்களில் காணப்படும் நீண்ட நேரங்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த சூட்டுக்கு உரியவை. குளிரில் மின்கலத்தின் திறன் மேலும் குறையுமாதலால் அதனை வெளிக் கையுறையின் மணிக்கட்டுப் பகுதிக்குள் மறைவாக வைப்பது நன்று. வெளிக் கையுறை இறுக்கமாக இருத்தல் கூடாது. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கை குளிர்ந்தபின் அன்றி, முன்னதாகவே கையுறையை இயக்குவது பயன் தரும்.

பாதுகாப்பு

தோல் 44 °செ சூட்டில் சுமார் ஆறு மணி நேரம் இருந்தாலே தீப்புண் உண்டாகலாம் என 1947-இல் வெளியான ஆய்வு காட்டியது. நீரிழிவினால் விரலுணர்ச்சி குன்றியவர்கள் சூட்டை உணராமலேயே புண்படக்கூடும். பனிக்கடிக்கு உள்ளாகி மரத்துவிட்ட விரல்களையும் இதனால் சூடாக்கலாகாது; அவற்றை 37 முதல் 39 °செ வரையிலான வெந்நீரில் வைப்பதே முறை, அதுவும் மீண்டும் உறையும் அச்சம் இல்லாதபோது மட்டுமே.

இலித்தியம்-அயனி மின்கலத்தை 0 °செ-க்குக் கீழே மின்னேற்றினால் எதிர்மின்வாயில் இலித்திய உலோகம் படிந்து மின்கலம் நிலையாகக் கெடும். உட்குறுக்குச் சுற்று ஏற்படவும் கூடும். வெளியிலிருந்து கொண்டுவந்த மின்கலத்தை அறைவெப்பத்துக்கு வரவிட்ட பின்னரே மின்னேற்ற வேண்டும். விமானப் பயணத்தில் உதிரி மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச்செல்லலாம்.