உறுதிசார் ஒழுங்குமுறை

உறுதிசார் ஒழுங்குமுறை, அமெரிக்கப் பள்ளிகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து பரவிய வகுப்பறை நடத்தை முறை. 'அசர்ட்டிவ் டிசிப்ளின்' என்ற பெயரில் லீ கேன்டரும் அவர் மனைவி மார்லீன் கேன்டரும் 1976இல் வெளியிட்ட நூல் இதன் தொடக்கம். கலிபோர்னியாவைச் சேர்ந்த இத்தம்பதியரில் மார்லீன் சிறப்புக் கல்வி ஆசிரியை. லீ, குழந்தை வழிகாட்டல் துறையில் பணியாற்றியவர்.

தன் தேவையைக் கூச்சமின்றி, பிறரைப் புண்படுத்தாமல் சொல்லப் பழக்கும் பயிற்சிகள் அப்போது அமெரிக்கப் பெரியவர்களிடையே வெகு பிரபலம். கேன்டர்கள் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்கள். கெஞ்சும் ஆசிரியர், சீறும் ஆசிரியர், எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லிச் சொன்னபடி நடக்கும் ஆசிரியர் என மூவரைப் பிரித்துக் காட்டி, மூன்றாமவராக மாறச் சொன்னார்கள். பாடம் நடத்துவது ஆசிரியரின் உரிமை, அதைக் குலைக்க எந்த மாணவருக்கும் உரிமையில்லை என்பது அடிப்படை.

ஆனால் பள்ளிகளில் வேரூன்றியது இந்தக் கருத்தைவிட அதன் கருவிகள்தாம். முதல் தவறுக்குப் பெயர் கரும்பலகையில் ஏறும், அது எச்சரிக்கை. மீண்டும் செய்தால் பெயருக்கு அருகே ஒரு குறி. குறி கூடக்கூட விளைவும் கூடும்: விளையாட்டு நேரம் பறிபோகும், வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு போகும், கடைசியில் தலைமையாசிரியர் அறை. மறுநாள் எல்லாம் புதுக்கணக்கு. வகுப்பு ஒழுங்காக இருந்தால் ஜாடியில் கோலிக்குண்டு விழும். நிறைந்தால் எல்லோருக்கும் பரிசு. ஆசிரியர் கோபப்படவோ வாதாடவோ வேண்டியதில்லை. குறுகிய பயிலரங்கிலேயே கற்றுக்கொள்ளலாம் என்பதால் இது வேகமாகப் பரவியது, பிரிட்டனுக்கும் சென்றது.

எதிர்ப்பு 1980களின் இறுதியில் வலுத்தது. கல்வியாளர்கள் ரிச்சர்ட் கர்வினும் ஆலன் மெண்ட்லரும் 1988இல், பொட்டலமாக விற்கப்படும் ஒழுங்குத் திட்டங்களை வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என எழுதினர். கீழ்ப்படிதல் வளரும், பொறுப்பு வளராது என்பது அவர்கள் வாதம். மறு ஆண்டு ரெண்டர், படில்லா, கிராங்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சொல்லப்பட்ட பலன்களுக்குப் போதிய சான்றில்லை என்றனர். அந்த 1989இலேயே லீ கேன்டர் ஒரு கட்டுரையில் பதிலளித்தார்: தம் முறை பலகைப் பெயர்களும் கோலிக்குண்டுகளும் மட்டுமல்ல. ஆனால் அக்கட்டுரையிலேயே அவர் விட்டுக்கொடுத்தது முக்கியமானது. பலகையில் பெயர் வருவதைச் சில பெற்றோர் அவமானமாகக் கருதியதால், இனி ஆசிரியர் தம் கையிலுள்ள அட்டையில் மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்றார்.

1992இல் வந்த திருத்திய பதிப்பு, நன்னடத்தையைப் பாடம்போலக் கற்பிப்பதற்கும் பாராட்டுக்கும் கூடுதல் இடம் தந்தது. பரிசு-தண்டனை முறையை எதிர்க்கும் கல்வி எழுத்தாளர் ஆல்ஃபி கோன் போன்றோரை இது சமாதானப்படுத்தவில்லை. பரிசும் தண்டனையும் ஒரே கட்டுப்பாட்டின் இரு வடிவங்கள் என 1996இலும் அவர் வாதிட்டார். ஆனாலும் அம்முறையின் சாயல் மறையவில்லை: கேன்டர் பெயரை அறியாத ஆசிரியர்களும் மாணவரின் நடத்தையைக் காட்டும் வண்ண அட்டைகளை ஏற்றி இறக்குகிறார்கள். 2011இல் வெளியான கிளாஸ்டோஜோ என்ற வகுப்பறைச் செயலியிலும், நடத்தைக்காக மாணவருக்குக் கிடைத்த புள்ளிகளை வகுப்பு முழுவதும் பார்க்கும்படி திரையில் காட்ட முடியும்.