தாயின் கைநாட்டு

வாலிநோக்கத்தில் பிள்ளையை மாற்றி வளர்ப்பதற்கு யாரும் பத்திரம் எழுதியதில்லை. அக்காவுக்குப் பிள்ளை இல்லையென்றால் தங்கையின் மூன்றாவது பிள்ளை அக்கா வீட்டில் வளரும். உப்பளத்துக்குப் போகிறவள் காலையில் விட்டுச் செல்லும் கைக்குழந்தை, நாளடைவில் பெரியம்மா வீட்டுப் பிள்ளையாகிவிடும். பெற்றவள் யார், வளர்த்தவள் யார் என்பது தெருவுக்கே தெரியும், பிள்ளைக்கும் தெரியும். வளர்ப்புப் பிள்ளையின் வம்சப் பெயரை மாற்ற இஸ்லாமியச் சட்டம் இடம் தராததால், முஸ்லிம் வீடுகளில் அந்தப் பிள்ளை பெற்ற தகப்பனின் பெயரோடே இருக்கும்.

இதை ஒரு பொற்காலம்போலச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் பாட்டியின் தங்கை அப்படித்தான் ஒரு மகளைக் கொடுத்தாள். கொடுத்தது அவள் என்று ஊர் சொல்லும். முடிவெடுத்தது அவளுடைய மாமியார். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் மகள் நான்கு வீடு தள்ளித்தான் இருந்தாள். கல்யாணத்துக்குப் பூ வைத்தது பெற்றவளும்தான்.

அதே பிள்ளை கடல் தாண்டிப் போவதென்றால் காகிதம் வேண்டும். நாடு விட்டு நாடு தத்துக் கொடுப்பதன் வரலாறு முழுக்க அந்தக் காகிதங்களின் வரலாறுதான். அதில் மிக எளிதாகக் காணாமல்போவதும், மிக எளிதாகப் போலியாக உருவாக்கப்படுவதும் ஒன்றே: பெற்ற தாயின் ஒப்புதல்.

எங்கள் ஊருக்கு நேர் எதிரே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இருக்கிறது இலங்கை. அங்கிருந்து 1970களிலும் 80களிலும் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். இவர்களில் கணிசமானோரின் ஆவணங்கள் பொய்யானவை என்பதை நெதர்லாந்தின் 'செம்ப்லா' தொலைக்காட்சி நிகழ்ச்சி 2017இல் வெளிக்கொண்டுவந்தது. 'குழந்தைப் பண்ணைகள்' இருந்ததை அப்போதைய இலங்கை சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன ஒப்புக்கொண்டார். இந்த விவகாரத்தில் என்னை மிகவும் உலுக்கியது 'நடிப்புத் தாய்கள்' என்ற ஏற்பாடு. குழந்தையோடு நீதிமன்றத்துக்கு வந்து, "நான்தான் பெற்றேன், நானே கொடுக்கிறேன்" என்று சொல்வதற்காக ஒரு பெண்ணுக்குக் காசு கொடுப்பார்கள். உண்மையான தாயின் வறுமையும் இந்தப் பெண்ணின் வறுமையும் ஒரே தரகரின் கையில். பல வருடம் கழித்துக் காகிதத்தில் உள்ள முகவரியைத் தேடி வந்த பிள்ளைகள் கண்டடைந்தது, தங்களைப் பெறாத, ஒரு நாள் கூலிக்கு அம்மாவாக நின்ற பெண்களை.

கடலின் இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1999இல் சென்னையில் நடைபாதையில் தாயருகே தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயது மகன் தூக்கிச்செல்லப்பட்டான். 2005இல் ஒரு கடத்தல் கும்பல் பிடிபட்டபோதுதான், இப்படித் திருடப்பட்ட குழந்தைகள் 'மலேசியன் சோசியல் சர்வீசஸ்' என்ற தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டதாகக் காவல்துறை குற்றம்சாட்டியது. வழக்கு பிறகு சிபிஐக்குப் போனது. அந்த மகன் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தில் வளர்வதாக நம்பிய பெற்றோர் அங்கே வழக்குப் போட்டார்கள். மரபணுச் சோதனைக்கு உத்தரவிட அந்நாட்டு நீதிமன்றம் 2010இல் மறுத்துவிட்டது. தெருவில் தூங்கும் ஒரு தாயின் சொல், முத்திரை குத்திய ஒரு கோப்புக்கு முன்னால் எடைபோடப்பட்டது இப்படித்தான். ஆந்திராவில் லம்பாடித் தாண்டாக்களிலிருந்து பெண் குழந்தைகள் வாங்கப்பட்ட விவகாரம் வெடித்ததும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்.

சட்டம் எங்கே இருந்தது என்று கேட்கலாம். 1956ஆம் ஆண்டு தத்துச் சட்டம் இந்துக்களுக்கானது. அதிலும் கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவி தன் பெயரில் தத்தெடுக்க முடியாது. பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் அதிகாரமும் தகப்பனுக்கே, தாய் சம்மதிக்கலாம், அவ்வளவுதான். இது மாற 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா மதத்தாருக்கும் பொதுவான தத்துச் சட்டத்துக்காக 1972இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. ஆகவே வெளிநாட்டுத் தம்பதியர் பயன்படுத்தியது வெள்ளைக்காரன் காலத்துக் காப்பாளர் சட்டத்தை, 1890ஆம் ஆண்டினுடையதை. நீதிமன்றத்தில் அவர்கள் காப்பாளர்களாக மட்டும் நியமிக்கப்படுவார்கள், பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கிடைக்கும், விமானம் ஏறும், தத்து அவர்கள் நாட்டில் முடியும். பெற்றவள் இருந்த நாட்டில் தத்து என்று ஒன்று சட்டப்படி நடக்கவே இல்லை.

லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் வழக்காகி, 1984இல் நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். பிள்ளை பிறப்பதற்கு முன்போ, பிறந்து மூன்று மாதத்துக்குள்ளோ பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கக் கூடாது. பிள்ளை வெளிநாடு போகக்கூடும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றது தீர்ப்பு. பெற்ற வயிறு ஆறாத நேரத்தில் வாங்கும் கைநாட்டு ஒப்புதல் ஆகாது என்பதை நம் நீதிமன்றம் சொன்ன இடம் இது. தத்து வள மையமான 'காரா' 1990இல் வந்தது. நாடுகளுக்கிடையிலான தத்து பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது.

ஆனாலும் கோப்புகள் கோப்புகளாகவே இருந்தன. 1973 முதல் 2002 வரை இந்தியாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போன குழந்தைகள் 2,000க்கும் மேல். சூரிச், துர்காவ் மாநிலங்களின் பழைய தத்துக் கோப்புகளைப் புரட்டிய ஆய்வு 2024இல் வெளியானது. அதன் தலைப்பே 'தாய்: அறியப்படவில்லை'. ஆராய்ந்த கோப்புகளில் அவர்கள் தேடிய தாயின் ஒப்புதல் பத்திரம் இல்லை. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவைத்தது. சுவிஸ் அரசு 2025 தொடக்கத்தில், வெளிநாட்டுத் தத்துக்கே முற்றுப்புள்ளி வைக்கப்போவதாக அறிவித்தது.

தாயின் பெயரைக் கோப்பில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் எனக்கும் தடுமாற்றம். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியபோது அதன் அடிப்படையே, யார் என்று கேட்கமாட்டோம் என்பதுதான். பெண் சிசுவைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போ, பெயர் வேண்டாம். கல்யாணமாகாமல் பெற்றவளுக்கு அந்தப் பெயரின்மை உயிர்ப் பாதுகாப்பு. அவளை இருபது வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பெண் கேமராவோடு தேடி வந்து வாசலில் நின்றால், அவள் குடித்தனம் என்னாகும்? தாயின் பெயரை அழித்தது தரகர்கள் மட்டுமல்ல. அவளை அந்தப் பெயரோடு வாழவிடாத நாமும்தான்.

இன்றைய நடைமுறை, காகிதத்தில், முன்பைவிட நல்லது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் வந்து ஒப்படைக்க வேண்டும். முதலில் அவளுக்கு ஆலோசனை வழங்க வேண்டும். ஒப்படைத்தபின்னும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன்பிறகே பிள்ளை தத்துக்கு உரியதாக அறிவிக்கப்படும். வெளிநாட்டுக்கு என்றால் காராவின் தடையில்லாச் சான்று வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைத் தருபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். வேர்களைத் தேடும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது, தாயின் அந்தரங்கம் கெடாத அளவுக்கு. தாய் பிள்ளையைத் தேடுவது பற்றி விதிகள் பேசவில்லை.

முஸ்லிம்களும் விரும்பினால் இந்தச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. எங்கள் கரையில் இனி வரப்போகும் வழக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்கள் வளைகுடாவுக்குப் போகிற கரை இது. அங்கே குடும்பத்தோடு தங்கிவிட்ட அக்கா, ஊரிலிருக்கும் தங்கையின் பிள்ளையைக் கேட்பாள். பழைய வழக்கம்தான், ஆனால் இப்போது விசா வேண்டும். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது: உறவினர் தத்து. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து குடும்பப் பின்னணி அறிக்கை எழுதுவார்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகியிருந்தால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பெற்றவள் கையெழுத்திட வேண்டும்.

அறிக்கை எழுதுகிறவர் வீட்டுக்கு வரும்போது மாமியார் திண்ணையில் இருப்பார், நாத்தனார் தேநீர் கொண்டுவருவாள், துபாயிலிருந்து வீடியோ அழைப்பில் அக்கா இருப்பாள். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு போகலாம். அல்லது அவளை மட்டும் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "உனக்கு?" என்று கேட்கலாம்.