டயலுக்கு அடியில் ஒரு தேதி: கடிகாரப் பழுதுநீக்கக் குறிகளும் இ.பி. தாம்சனின் வாசிப்பும்

காலம், வேலை ஒழுங்கு, தொழில் முதலாளியம் ஆகிய மூன்றையும் இணைத்து இ.பி. தாம்சன் எழுதிய கட்டுரை 1967இல் 'பாஸ்ட் அண்ட் பிரசென்ட்' இதழில் வெளிவந்தது. கடிகாரத்தின் சமூக வரலாற்றை எழுதப் புகும் எவரும் இன்றுவரை அதைத் தொடாமல் போனதில்லை. அதன் மைய வாதம் வாசகர் அறிந்ததே. நான் மாறுபடுவது அதன் நடுவே வரும் சில பக்கங்களில். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் யார் யாரிடம் வாட்ச் இருந்தது என்று அங்கே தாம்சன் கேட்கிறார். யாருடைய வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது என்று அவர் கேட்கவில்லை. பழைய சாவி வாட்சுகளைத் திறந்து பழுதுபார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இவ்விரண்டும் ஒரே கேள்வி அல்ல.

தாம்சனின் சான்றுகளில் முக்கியமானது 1797இல் பிரதமர் பிட் விதித்த வரி. தங்க வாட்சுக்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங், வெள்ளி முதலான பிற உலோக வாட்சுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், வீட்டுக் கடிகாரத்துக்கு 5 ஷில்லிங். கடிகாரத் தொழிலாளர் வேலையிழந்து முறையிட, மறு ஆண்டே வரி நீக்கப்பட்டது. பலரும் வரி ஏய்த்ததால் வசூல் கணக்கை நம்ப முடியாது என்பதைத் தாம்சனே ஒப்புக்கொள்கிறார். இருந்தும் வாட்ச் கீழ்த்தட்டு வரை பரவிவிட்டது என்று முடிவுகட்டுகிறார். அதற்கு அவர் தரும் விளக்கம் பெயர்பெற்றது: உழைப்பாளிக்கு வாட்ச் ஒரு சேமிப்பு, கையில் காசு இருக்கும்போது வாங்குவான், முடை வந்தால் விற்பான் அல்லது அடகு வைப்பான். அதே பக்கங்களில் இன்னொன்றையும் சொல்கிறார். தொழிற்புரட்சி எல்லோரையும் ஒரே நேரத்துக்கு வேலைக்கு வரவழைக்க வேண்டியிருந்த அதே காலத்தில்தான் வாட்சும் பரவியது என்கிறார்.

இவை இரண்டும் ஒன்றாக நிற்குமா என்பதே என் ஐயம். சேமிப்பாக இருக்கும் வாட்ச் ஓட வேண்டிய அவசியமில்லை. அடகுக்கடைக்காரர் கூட்டின் வெள்ளியை எடைபோடுவார், இயந்திரத்தையும் பார்ப்பார். அது மணி காட்டுகிறதா என்பது விலையை ஓரளவு கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆலைச் சங்குக்கு நேரம் காட்ட வேண்டிய வாட்ச் ஓடியே தீர வேண்டும். அடகில் கிடக்கும் வாட்ச் யாரையும் ஒழுங்குபடுத்தாது. வாட்ச் வைத்திருந்தார்கள் என்ற ஒரே சான்றை வைத்துச் சேமிப்பையும் கால ஒழுங்கையும் சேர்த்து நிறுவப் பார்க்கிறார் தாம்சன். பால் கிளென்னியும் நைஜல் த்ரிஃப்டும் 2009இல் எழுதிய நூலில் வேறு திசையிலிருந்து அவரை மறுத்தார்கள். ஆலைகளுக்கு நெடுநாள் முன்பே மணிக்கணக்கு அன்றாட வாழ்வில் இருந்தது என்பது அவர்கள் வாதம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் பழுதுபார்ப்பவரின் மேசைதான் இந்த விஷயத்தில் முதல் சான்று என்பது என் எண்ணம்.

அக்கால வெர்ஜ் வாட்சைத் திறந்து பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மெயின்ஸ்பிரிங் ஒரு பீப்பாய்க்குள் இருக்கும். அதிலிருந்து ஃப்யூசி என்ற கூம்புக்கு ஒரு சங்கிலி செல்லும். சைக்கிள் சங்கிலியைத் தலைமுடி அளவுக்குக் குறுக்கினாற்போல இருக்கும். அந்தச் சங்கிலி அறுபடும், ஸ்பிரிங் முறியும். இவற்றை விடத் தொல்லை எண்ணெய். அன்று இட்டது விலங்குக் கொழுப்பிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் எடுத்த எண்ணெய். நாளாக ஆக அது தடித்துப் பசையாகும். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்து புது எண்ணெய் போடாவிட்டால் வாட்ச் முதலில் பிந்தும், பிறகு நிற்கும். வங்கியில் போட்ட பணம் இப்படி ஆண்டுதோறும் செலவு கேட்காது. சேமிப்பு என்ற உவமை அங்கேயே தடுக்குகிறது.

பழுதுபார்த்ததற்கான தடயம் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, வாட்ச் பேப்பர். பதினெட்டாம் நூற்றாண்டு வாட்சுகள் பெரும்பாலும் இரட்டைக் கூடு கொண்டவை. உள்கூடு வெளிக்கூட்டில் உரசாமல் இருக்க நடுவே ஒரு வட்டக் காகிதத்தை வைப்பார்கள். பழுதுபார்ப்பவர் தம் பெயரையும் ஊரையும் அதில் அச்சிட்டு வைத்தார். சிலர் பின்பக்கம் தேதியையும் மையால் எழுதினர். மற்றொன்று, கூட்டின் உட்புறத்தில் ஊசிமுனையால் கீறிய குறி: முதலெழுத்து, தேதி, ஒரு எண். இந்தக் குறியை வைத்துத்தான், வாட்ச் திரும்பி வந்தால் அது தம் கையில் எப்போது ஓவர்ஹால் ஆனது என்று பழுதுபார்ப்பவர் கண்டுகொண்டார்.

இவ்வகைக் குறிகளில் பலரும் அறிந்த ஒன்றை, பலரும் பார்க்காத கோணத்திலிருந்து பார்க்கலாம். 1850களில் ஆபிரகாம் லிங்கன், இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜார்ஜ் சாட்டர்டன் என்ற நகைக்கடைக்காரரிடம் ஒரு தங்க பாக்கெட் வாட்ச் வாங்கினார். இயந்திரம் லிவர்பூலில் செய்தது. 1861 ஏப்ரலில் அது வாஷிங்டனில் கால்ட் கடையில், ஜானதன் டில்லன் என்ற அயர்லாந்துக்காரரின் மேசையில் இருந்தது. சம்டர் கோட்டை மீது குண்டு விழுந்த செய்தியை முதலாளி வந்து சொன்னதாகவும், டயலைத் திருப்பிப் பொருத்திக்கொண்டிருந்த தாம் அதைக் கழற்றி அடியில் இருந்த உலோகத்தில் சில வரிகள் கீறியதாகவும் டில்லன் 1906இல், தம் 84ஆம் வயதில், நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். அடிமைமுறை செத்தது என்று எழுதியதாக அவருக்கு நினைவு. 2009 மார்ச் 10 அன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வாட்சைத் திறந்தார்கள். கீறல் இருந்தது. அடிமைமுறை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிளர்ச்சியாளர் கோட்டையைத் தாக்கினர் என்பது ஒரு வரி. நமக்கு ஓர் அரசு இருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொல்வது இன்னொன்று. இரண்டிலும் ஏப்ரல் 13 என்ற தேதி.

தாக்குதல் தொடங்கியது 12ஆம் தேதி விடியும் முன்னால். 13இல் கோட்டை பணிந்தது. தாக்குதல் அதே நாளில் நடந்தது என்று டில்லன் எழுதுவதால், அது செய்தி கடைக்கு வந்த நாளா, அவர் நாளைக் குழப்பிக்கொண்டாரா, அல்லது இரண்டாம் நாள் சண்டையைச் சொல்கிறாரா என்று என்னால் முடிவுசெய்ய இயலவில்லை. கோட்டையின் பெயரையும் நடுவில் ஒரு 'பி' சேர்த்து எழுதுகிறார். அன்றைய செய்தித்தாள்களிலும் அந்த எழுத்துமுறை உண்டு, அதனால் அதை வைத்து எதுவும் நிறுவ முடியாது. 1906இன் நினைவும் 1861இன் கீறலும் வேறுபட்டதைத்தான் அருங்காட்சியகச் செய்திகள் பெரிதுபடுத்தின. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த உலோகத்தில் இருந்த இன்னொரு கை: எல்.இ. க்ரோஃப்ஸ், 1864 செப்டம்பர், வாஷிங்டன். (நீள் 's' எழுத்தை வைத்து இதை க்ராஸ் என்றும் படிக்க இடமுண்டு.)

குறி இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வாட்ச் பேப்பர் வாட்சுக்காரர் கண்ணில் படுவதற்காக வைப்பது. விளம்பரம் என்றும் சொல்லலாம். பின்மூடிக் கீறல் அடுத்துத் திறப்பவருக்கானது. டயலுக்கு அடியில் இருப்பதோ வாட்சை முழுதாகப் பிரிப்பவர் மட்டுமே காண்பது. லிங்கன் அதை அறிந்ததற்குச் சான்றில்லை. முள்ளைச் சரிசெய்யவும் டயலைக் கழற்றுவது உண்டு. ஆனால் பேரும் தேதியும் ஊரும் எழுதுகிற அளவுக்கு ஒருவர் அங்கே நின்றிருக்கிறார் என்றால், முழு சர்வீஸ் நடந்தது என்றே கொள்வேன். அப்படியானால் ஒரே வாட்சில், இரு கைகளால், மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இரண்டு சர்வீஸ். இடையில் குறியிடாத ஒருவர் கையிலும் அது போயிருக்கலாம். அப்போது இடைவெளி இன்னும் குறையும், கூட வழியில்லை.

குடியரசுத் தலைவரின் தங்க வாட்சை வைத்து லங்காஷயர் நெசவாளியைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லிங்கனால் செலவு செய்ய முடிந்தது. ஆனால் எண்ணெய் தடிப்பது சொந்தக்காரரின் வருமானத்தைப் பார்த்து அல்ல. லிங்கனின் வாட்சைவிட நெசவாளியின் வாட்ச் மட்டமானது, தூசி நிறைந்த இடத்தில் சட்டைப்பைக்குள் இருந்தது. அதற்கு சர்வீஸ் தேவை குறைவாக இருந்திருக்க முடியாது. தேவைப்பட்டும் செய்ய முடியாதபோது என்ன ஆகியிருக்கும்? வாட்ச் நின்றிருக்கும், ஆனால் அவரிடமே இருந்திருக்கும். தாம்சனின் கணக்கில் அதுவும் பரவலுக்குச் சான்றாகவே சேரும்.

காகிதத்திலிருந்து உலோகத்துக்குக் குறி எப்போது நகர்ந்தது என்பது அடுத்த சிக்கல். இரட்டைக் கூடு வழக்கொழிந்து ஒற்றைக் கூடு வந்ததும் காகிதம் வைக்க இடமில்லாமல் போனது, எனவே கீறல் பெருகியது என்பது என் ஊகம். கீறல் அதற்கு முன்பும் இருந்தது, மறுக்கவில்லை. பழுதுபார்ப்பவரின் விளம்பரமும் அவருடைய கணக்கும் பிரிந்த இடம் இது என்றே நினைக்கிறேன்: விளம்பரம் கடைப் பலகைக்கும் செய்தித்தாளுக்கும் போனது, கணக்கு பின்மூடிக்குள் தங்கியது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் இரட்டைக் கூடு 1830கள் வரையாவது நீடித்ததால், ஊருக்கு ஊர் இந்த மாற்றம் வெவ்வேறு காலத்தில் நடந்திருக்கும்.

இந்தத் தடயங்கள் தொழில்முறைப் பட்டறைகளிலிருந்து பொழுதுபோக்குக்காரர் கைக்கு வந்தது மிகப் பிந்தி. 1969 டிசம்பர் 25இல் செய்கோவின் அஸ்ட்ரான் வந்தபின் குவார்ட்ஸ் பரவ, சாவி வாட்சுகள் பழைய பொருள் கடைக்குப் போயின. கூடவே டுவீசர், ஐகிளாஸ், உதிரிப்பாகப் பெட்டிகளும். இந்தியாவில் அந்த இடத்தில் இருப்பது எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய அந்த ஆலையின் ஜனதா, இன்று பலருக்குப் பழகு மேசையின் முதல் வாட்ச். என்னிடம் உள்ள ஒரு ஜனதாவின் பின்மூடியைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தால் உட்புறத்தில் இரண்டு கைகள் தெரிகின்றன. ஒருவர் அழுத்திக் கீறுகிறார், மற்றவர் ஊசி நுனியால் தொட்டுப் போகிறார். மெல்லிய கையின் தேதியில் ஆண்டின் மூன்றாம் இலக்கம் 8ஆ 9ஆ என்று படிக்க முடியவில்லை. உருகிய ரப்பர் வாஷரின் கறுப்புக் கறை அதன் மேல் ஒட்டியிருக்கிறது. கறையை மருந்து போட்டு எடுத்தால் எண் தெரியலாம், கீறலும் போகலாம். பளபளப்புக்காக உட்புறத்தையும் பாலிஷ் போடுபவர்கள் இந்தக் கேள்வி வரை வருவதே இல்லை.

அழுத்திக் கீறியவரே அடுத்தும் கீறியிருக்கிறார். நாள் மட்டும் இருக்கிறது, ஆண்டு இல்லை. அதே கடைக்கு வாட்ச் திரும்பி வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

லிங்கன் வாட்சின் உலோகத்தில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: ஜெஃப் டேவிஸ், தெற்குக் கூட்டமைப்பின் தலைவர். தேதி இல்லை. க்ரோஃப்ஸின் கையா, டில்லனுக்குப் பதில் சொல்ல நினைத்த தெற்கு அபிமானி ஒருவரா, பின்னாளின் குறும்பா என்று தெரியவில்லை. வாட்ச் 1958இல் லிங்கனின் கொள்ளுப்பேரன் வழியாக அருங்காட்சியகத்துக்குப் போகும் வரை பல கைகள் மாறியது. எழுத்தின் சாயலை மட்டும் வைத்து இதை 1864க்குக் கொண்டுபோவது ஆபத்து. ஆனால் டயலை இன்னொரு முறை யாரோ கழற்றியதற்கு அது சான்றாக இருக்கலாம் என்பதால், சர்வீஸ் கணக்கிலிருந்து அதை முற்றாகத் தள்ளிவிடவும் மாட்டேன்.

தாம்சனோடு வழக்கைத் தீர்க்க வேண்டுமானால் தொழிலாளர் வாட்சுகளில் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தேதியிட்ட குறிகள் தேவை. மாசசூசெட்ஸின் வூஸ்டரில் உள்ள அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியிடம் வாட்ச் பேப்பர்களின் பெரிய தொகுப்பு உண்டு. அழகிய செதுக்கல் அச்சுக்காகச் சேகரிப்பாளர்கள் இத்தகைய காகிதங்களை வாட்சிலிருந்து எடுத்துத் தனியே திரட்டினார்கள். பின்பக்கத்தில் தேதி இருந்தாலும் அது எந்த வாட்சுக்குள் இருந்தது என்பது பல நேரம் அழிந்துவிட்டது. எனவே அடுத்த தேடலை, காகிதம் இன்னும் உள்ளேயே இருக்கும் இங்கிலாந்துச் சிற்றூர் வெள்ளி வாட்சுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.