தமிழ் ராப் பாடல்வரி

தாளத்தின் மேல் பேச்சோசையில் சொற்களை அடுக்கும் ஹிப் ஹாப் பாடல்வரியின் தமிழ் வடிவம். 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' சென்னைப் பேச்சை இப்பாணியில் பரவலாக்கியது. எனினும் அது திரைப்பாட்டாகவே நின்றது. தனி மரபாக இதை வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். பொயட்டிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' இசைத்தொகுப்பே பலருக்கும் பாலபாடம். 'நிழல்கள்' (1980) படத்தின் 'மடை திறந்து' பாட்டை அதில் ராப்பாக மாற்றியிருந்தனர்.

ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் இறுதியில் ஒலியைப் பொருத்தும், அதாவது நம் இயைபு. அமெரிக்காவின் ராகிம் 1987 வாக்கில் அடிக்குள்ளும் ஒலியொப்புமையை நெருக்கமாகப் பின்னினார். தமிழ்ச் செய்யுளுக்கு எதுகையும் மோனையும் வழிவழியாக உள்ளவை. ஆகவே தமிழ் ராப்பரை வெறும் இரவல்காரர் என்பது பொருந்தாது.

அடுத்த தலைமுறையில் கோவையின் ஹிப்ஹாப் தமிழா ஆதி இதை வெகுசன இசையாக்கினார். அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு, 2018 முதல் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடைகளில் கானாவோடு சேர்த்துச் சாதியைக் கேள்வி கேட்டார். 'தெருக்குரல்' (2019) அவ்வழியில் வந்தது. 'எஞ்சாய் எஞ்சாமி' (2021) பாட்டுக்குப் பின்னால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டியின் நினைவு உண்டு.